கூலிங் ஃபிலிமுக்கு அடியில் நின்ற பேச்சு

செங்காட்டுப்புதூரில் கோகிலவாணி கார் வாங்கிய வருஷம், வெயிலுக்கு ஊரை விட்டுப் போக மனசே வராமல் புரட்டாசி முடிகிற மட்டும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது, தார் இளகி நடக்கிறவர்களின் செருப்பைப் பிடித்து வைத்துக்கொண்டது, நாய்கள் சண்டையை விட்டுவிட்டு இருக்கிற நிழலைப் பங்கு போட்டுப் படுத்தன, அந்த வருஷத்தில்தான் ஊர்க்காரர்கள் வாய்க்குள் விழுங்கியதெல்லாம் அவள் காரின் கண்ணாடியில் கொப்புளம் கொப்புளமாக நின்று பேசியது. எப்படிப் பேசியது என்று ஒருத்தரும் கேட்கவில்லை, என்ன பேசியது என்றுதான் எல்லாரும் கேட்டார்கள், எங்கள் ஊர் அப்படிப்பட்ட ஊர்.

கோகிலவாணி திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்குச் செக்கிங் செய்து கொடுப்பவள். கொட்டகை போட்டு, வரிசையாக டியூப்லைட் மாட்டி, மேஜை மேல் வெள்ளைப் பனியன்களை விரித்து, எங்கே ஓட்டை, எங்கே எண்ணெய்க் கறை, எங்கே தையல் விட்டிருக்கிறது என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவது அவளுக்கும் அவளிடம் வேலை பார்த்த பெண்களுக்கும் பிழைப்பு. வருஷக்கணக்காக வெளிச்சத்துக்குக் கீழே வெள்ளைத் துணியையே பார்த்துப் பார்த்து அவள் கண்ணுக்கு வெயில் ஆகாமல் போயிருந்தது, பகலில் வெளியே போனால் நெற்றிப்பொட்டு தெறிக்கும். புருஷன் வேறொரு ஊரில் வேறொரு குடும்பத்தோடு இருந்தான். அதைப் பற்றி அவள் பேசியதில்லை, அவளுக்கும் சேர்த்து ஊர் பேசியது.

ஆகவே கார் வந்த கையோடு அவள் பைபாஸில் இருந்த அப்பாஸின் கடைக்குப் போய், சட்டம் விடுகிற அளவுக்குக் கண்ணாடிகளில் வெயிலைத் தடுக்கிற கூலிங் ஃபிலிம் ஒட்டச் சொன்னாள். அப்பாஸ் வேலையைச் சுத்தமாகச் செய்கிற ஆள். சோப்புத் தண்ணீர் அடித்து, ஃபிலிமை வைத்து, ரப்பர் பட்டையால் தள்ளித் தள்ளி நீரை எடுத்துவிட்டு, "இன்னும் உள்ள ஈரம் இருக்குதுங்கக்கா, நாலஞ்சு நாளைக்கு என்ன ஆனாலும் கண்ணாடிய இறக்கிராதீங்க" என்றான். சரி என்றுதான் சொன்னாள், சொன்னபோது அவளுக்கு அந்த எண்ணம்தான் இருந்தது.

ஆனால் எங்கள் ஊரில் புதுக் கார் வாங்கியவர்கள் மாரியம்மன் கோயிலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கி, பிறகு எல்லா வீதியிலும் மாட்டு வண்டி போகிற வேகத்தில் ஒரு சுற்று வரவேண்டும். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் நிற்பார்கள், ஒவ்வொரு வாசலிலும் வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, அவர்கள் சொல்லும் நாலு நல்ல வார்த்தையை வாங்கிக்கொண்டுதான் நகரவேண்டும். மூடிய கண்ணாடிக்குள்ளிருந்து தலையாட்டிவிட்டுப் போனவர்கள் கதியை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் வீட்டு விசேஷத்தில் சாம்பார் மிஞ்சும். கோகிலவாணி முதல் வாசலில் கொஞ்சம் தயங்கினாள், அப்புறம் சுவிட்சை அழுத்தினாள், கண்ணாடி ஈரத்தோடு இறங்கியது, ஏறியது, அடுத்த வாசலில் இறங்கியது, ஏறியது, இப்படியே கிழக்கு வீதி, கோயில் வீதி, தறிக்காரர் வீதி எல்லாம் போய், கடைசியாக மில் ரோட்டுக்கு வந்தபோது அங்கே அவள் அக்கா ராஜாமணி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

அக்காவும் தங்கையும் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அக்கா மகளின் கல்யாணத்தில் சீர்த்தட்டைத் தூக்கிக்கொண்டு முன்வரிசையில் நடந்த கோகிலவாணியின் கையிலிருந்து, அக்காவின் நாத்தனார் தட்டை வாங்கி, "புருஷனோட இருக்கறவ தூக்கட்டும்" என்று வேறொருத்தி கையில் கொடுத்துவிட்டாள். கோகிலவாணிக்கு நாத்தனார் மேல் கோபம் இல்லை, அவள் அப்படித்தான். பக்கத்திலேயே பட்டுப்புடவையில் நின்ற அக்கா பார்த்துக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்ததுதான் நெஞ்சில் நின்றது. சாப்பிடாமல் மண்டபத்தை விட்டுப் போனவள், அதன் பிறகு மில் ரோட்டுப் பக்கமே போகவில்லை.

அன்றைக்கு அக்கா கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். இடது பக்கக் கண்ணாடி இறங்கியது. அக்கா குனிந்து, உள்ளே பார்த்து, வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்துப் பின்னால் மில் பஸ்காரன் காது கிழிய ஹாரனை அழுத்த, கோகிலவாணி பதறிப்போய் எதையோ அழுத்தப் போய் எதையோ அழுத்த, கண்ணாடி மேலே ஏறி அக்காவின் திறந்த வாய்க்கு முன்னால் மூடிக்கொண்டது. பஸ் மறுபடியும் கத்தியது. அவள் வண்டியை எடுத்துவிட்டாள், எடுத்துவிட்டு அடுத்த திருப்பம் வரைக்கும் அழுதாள்.

சாயந்தரம் பார்த்தால் கண்ணாடியெல்லாம் கொப்புளம். மிளகு அளவில் சில, புளியங்கொட்டை அளவில் சில, அக்கா குனிந்த இடது முன்கண்ணாடியில் எலுமிச்சம்பழம் அளவில் ஒன்றே ஒன்று. குறையைப் பார்த்துச் சும்மா இருக்கத் தெரியாத கை அவளுடையது, கொட்டகைக்குள் போய் ஸ்டிக்கர் சுருளை எடுத்து வந்து ஒவ்வொரு கொப்புளத்துக்கும் ஒரு சிவப்பு அம்பு ஒட்டினாள். மறுநாள் உச்சி வெயில் சாய்ந்து கண்ணாடி நன்றாகச் சூடேறியதும், வலது பின்கண்ணாடியில் ஒரு கொப்புளம் லேசாக நடுங்கி, பால் சொசைட்டிச் செயலாளர் சென்னியப்பனின் குரலில், "கலரு ஒண்ணும் எடுப்பா இல்லியே" என்றது.

சென்னியப்பன் நேற்று சொன்னது, "ரொம்பச் சந்தோசம் அம்மிணி." சொன்னது காற்றோடு போயிருந்தது, சொல்லாததுதான் ஃபிலிமுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்து கல்யாணத் தரகர் குப்பண்ணனுடைய கொப்புளம், "அடுத்த மாசத்துக்குள்ள எங்கியாச்சும் கொண்டுபோய் இடிச்சிருவா" என்றது. பூசாரியுடைய கொப்புளம், "இன்னிக்குத் தக்காளிச் சாதமா இருந்தாத் தேவல" என்றது. செக்கிங்கில் வேலை பார்த்த மயிலாத்தாளுடைய கொப்புளம், "நானும் ஒரு நாளைக்கு ஓட்டிப் பாக்கோணும்" என்று சின்னக் குரலில் சொல்லிவிட்டு, கொட்டகை மேஜைக்குப் பின்னால் மயிலாத்தாள் முகம் சிவந்து நிற்கும்போதே, மறுபடியும் ஒரு தரம் சொன்னது.

முதல் இரண்டு நாள் ஊர் வெட்கப்பட்டது. மூன்றாம் நாள் பழகிக்கொண்டது. டீக்கடைக்காரர் மத்தியான போண்டாவைக் கொப்புளங்கள் பேசுகிற நேரத்துக்குத் தள்ளிப் போட்டார், பெண்கள் பூக்கட்டுகிற வேலையை எடுத்துக்கொண்டு கோகிலவாணி வீட்டு வேப்பமரத்தடிக்கு வந்தார்கள், அடுத்தவர் கொப்புளம் பேசும்போது சிரித்தவர்கள் தங்கள் கொப்புளம் பேசும்போது எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்கள். சென்னியப்பன் நேராக வந்து, "அம்மிணி, அது உள்ளதுதான், எனக்கு அந்தக் கலரு புடிக்கல" என்றார். "எனக்கும் அவ்வளவாப் புடிக்கலீங் மாமா, கேட்ட கலரு வர மூணு மாசம் ஆகும்னாங்க" என்றாள் கோகிலவாணி. அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் இருவருக்கும் ஒரு நிம்மதி. குப்பண்ணன் மட்டும் வண்டியை ஒரு நாளைக்குக் கேட்டார், புது ஃபிலிம் ஒட்டி ஈரத்தோடு மாப்பிள்ளை வீட்டு வாசலில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினால் பெண் வீட்டுக்காரர்களுக்கு விசாரிக்கிற செலவு மிச்சம் என்றார். ஊரில் கல்யாணமே நடக்காமல் போய்விடும் என்று அவர் பெண்டாட்டியே தடுத்துவிட்டாள்.

கோயில் வாசலில் கூட்டம் போட்டு, இனிமேல் அவரவர் கொப்புளத்தை அவரவரே வந்து கேட்டுக்கொள்வது, மற்றவர்கள் அந்நேரம் காதைப் பொத்திக்கொள்வது என்று முடிவு செய்தார்கள். முடிவை எல்லாரும் மதித்தார்கள், விரலைச் சரியாக அடைக்காமல் மதித்தார்கள். ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் யாரும் தீர்மானம் போடாமலே வந்தது. ஜனங்கள் பேசிவிட்டு நகரும்போது ஒரு நிமிஷம் நின்று, இன்னும் ஏதாவது உள்ளே கிடக்கிறதா என்று யோசித்து, கிடந்தால் திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். அதனால் சில சண்டைகள் வந்தன, வந்த சண்டைகள் பொழுது சாய்வதற்குள் முடிந்தன, மாமியார் ஒருத்தி மருமகளிடம் ரசம் நன்றாக இருந்ததென்று பதினோரு வருஷம் கழித்துச் சொன்னாள்.

வலது பின்கண்ணாடியில் இன்னொரு கொப்புளம், ரிட்டயர் ஆன மரகதம் டீச்சருடையது. டீச்சர் அன்றைக்கு வாசலில் நின்று கையை மட்டும் ஆட்டியிருந்தார். கொப்புளம் சொன்னது, "இவ அம்மா இருந்து பாத்திருக்கோணும்." அதைக் கேட்பதற்காகவே கோகிலவாணி மத்தியானச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு காரின் பின்சீட்டில் போய் உட்கார்ந்தாள், கொப்புளம் ஒரு தரம் சொல்லும், அவள் ஒரு வாய் சாப்பிடுவாள். விழுங்கிய பேச்சில் இப்படியும் ஒன்று இருக்க முடியும் என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு அந்த எலுமிச்சம்பழக் கொப்புளத்தின் மேல் ஆசை வந்தது.

அது மட்டும் பேசவில்லை. பேசாததற்குக் காரணம் அவளுக்குத் தெரியும், தினமும் அவளேதான் வண்டியை இடது பக்கம் சுவரோரமாக, வெயில் படாதபடி நிறுத்தினாள். திருப்பி நிறுத்தினால் ஒரு மத்தியானத்தில் பேசிவிடும். அக்கா என்ன சொல்ல வாயைத் திறந்தாள் என்று தெரிந்துவிடும். ஆறு வருஷமாக ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறவளுக்கு, அந்த வார்த்தை கையெட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது, அது வேறு ஏதாவதாக இருந்துவிட்டால் என்கிற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. ஊர் இதில் அவளைவிடத் தெளிவாக இருந்தது. "மன்னிச்சுக்கோன்னுதான் சொல்ல வந்திருப்பா, வேறென்ன, கூடப் பொறந்தவதானே" என்று டீக்கடையில் பேசி, பேசி முடித்து, அதையே நடந்ததாகவும் வைத்துக்கொண்டார்கள்.

அப்பாஸ் வந்து பார்த்தான். கண்ணாடியில் காது வைத்துப் பூசாரியின் தக்காளிச் சாதத்தைக் கேட்டான். அவனும் ஆச்சரியப்படவில்லை, அவனுக்கு வருத்தம்தான். "இறக்காதீங்கன்னு சொன்னேனேக்கா" என்றான். சில வண்டியில் தண்ணீர் நிற்கும், சில வண்டியில் தூசு நிற்கும், இதில் இது நின்றிருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஊசியால் ஒரு சின்னக் குத்துக் குத்தி ரப்பர் பட்டையால் தள்ளினான். பூசாரியின் கொப்புளம் கடைசியாக ஒரு தரம் சத்தமாகப் பேசி அமுங்கிப்போனது, கண்ணாடி அந்த இடத்தில் சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்த பிறகு ஒவ்வொருவராக வந்து தங்களுடையதைக் குத்தச் சொன்னார்கள். மயிலாத்தாளுடையது போவதற்கு முந்தின நாள் கோகிலவாணி அவளை முன்சீட்டில் உட்காரவைத்துக் கிளட்சைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். மரகதம் டீச்சருடையதை மட்டும் கோகிலவாணி, "இன்னும் ஒரே ஒரு நாளு" என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் டீச்சரே வந்து, "நேர்ல சொல்றேன், விடு கண்ணு" என்று கன்னத்தைத் தொட்டுச் சொன்ன பிறகு விட்டாள்.

கடைசியில் எலுமிச்சம்பழம் மட்டும் மிஞ்சியது. அதன் ஓரத்தில் ஃபிலிம் தூக்க ஆரம்பித்திருந்தது. "ஐப்பசி மழை புடிச்சுதுன்னா தண்ணி பூந்து முழுசா உரிஞ்சிரும், அப்பறம் உள்ள இருக்கறது தானா வெளிய வந்துரும், நாளைக்கு மத்தியானம் வந்து எடுத்துட்டுப் புதுசா ஒட்டித் தர்றேன்" என்றான் அப்பாஸ். நாளைக்கு மத்தியானம் என்றதும் பூக்கட்டுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், டீக்கடைக்காரர் கூடுதலாக மாவு கரைத்து வைத்தார்.

மறுநாள் காலை, வெயில் இன்னும் சுவர் ஏறாத நேரம், கையில் தூக்குப்போசியோடு பால் வாங்கப் போகிறவளைப் போல ராஜாமணி வந்து நின்றாள். இளைத்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. கோகிலவாணி காரைத் துடைத்துக்கொண்டிருந்தவள் துணியைக் கையில் வைத்தபடியே நின்றாள்.

"அது பேசுச்சா?" என்றாள் அக்கா. ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

"இல்லக்கா."

"நான் மன்னிப்புக் கேக்க வந்தேன்னு ஊருக்குள்ள பேசிக்கறாங்க. நீயும் அப்படித்தான் நெனச்சிருக்கறயா?"

கோகிலவாணி துணியை மடித்துப் பானெட் மேல் வைத்தாள். அக்கா போசியைக் கீழே வைத்தாள்.

"அது அதில்ல கோகிலா. அன்னிக்கு நீ வண்டி ஓட்டிட்டு வந்தயல்ல, எனக்கு வயிறு எரிஞ்சுது. என்ற வயித்துல என்ன ஓடுச்சுன்னு எனக்குத் தெரியும். அது உன்ற காதுல விழுந்துதுன்னா நாம சாகற மட்டும் பேசமாட்டோம். மத்தியானம் அந்தப் பையன் குத்துனா ஊரே கேக்கும்."

கோகிலவாணிக்கு ஏமாற்றமாக இருந்தது, சின்ன ஏமாற்றம் இல்லை, மண்டபத்தில் தட்டுப் பறிபோனபோது கைகள் எவ்வளவு வெறுமையாக இருந்தனவோ அவ்வளவு. இத்தனை நாள் நிழலில் வைத்துக் காப்பாற்றியது இதைத்தானா என்று நினைத்தாள். ஆனால் அக்கா இதைச் சொல்வதற்காக மில் ரோட்டிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள் என்பதும் அவள் கண்ணில் பட்டது. "என்ன பண்ணலாங்கற?" என்று கேட்டாள்.

"சத்தமா இருக்கற எடமாப் போய்க் குத்திரலாம். நம்ம காதுலயும் விழாம."

அக்கா இடது பக்கம் ஏறி உட்கார்ந்தாள், போசியை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி கடைவீதி வழியாகப் போனபோது டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து நின்றார்கள். எங்கே போகிறீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கள் ஊர் சரித்திரத்தில் அப்படி ஒரு நாள் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

ஊருக்கு வடக்கே ரயில்வே கேட். கோயமுத்தூர் போகிற காலை எக்ஸ்பிரஸுக்காகக் கேட் போட்டிருந்தது. இவர்கள் வண்டிதான் முதலில் நின்றது. கோகிலவாணி எஞ்சினை அணைத்தாள்.

"கல்யாணத்துல அவ உன்ற கையிலிருந்து தட்ட வாங்குனப்போ நான் பாத்துட்டே நின்னேன்" என்றாள் அக்கா, தண்டவாளத்தைப் பார்த்தபடி. "வாயத் தொறந்திருக்கோணும். என்ற தங்கச்சி, அவதான் தூக்குவான்னு சொல்லியிருக்கோணும். சம்பந்தி வீட்டுக்காரங்க பாக்கறாங்கன்னு பேசாம இருந்துட்டேன். தப்புத்தான். இத நான் இப்பத்தான் சொல்றேன், இந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கறது வேற."

கோகிலவாணி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். அக்கா அவள் முதுகில் கையை வைத்தாள், வைத்த கையை எடுக்கவில்லை. கோகிலவாணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானும் அன்னிக்கு வேணும்னு கண்ணாடிய ஏத்தலக்கா" என்றாள். "தெரியும் புள்ள, உன்ற மூஞ்சியத்தான் பாத்தனே" என்றாள் அக்கா.

தூரத்தில் ரயில் கூவியது. அக்கா தாலிக்கொடியில் கோத்து வைத்திருந்த ஊக்கைக் கழற்றி விரித்துப் பிடித்துக்கொண்டாள். எஞ்சின் வந்தது, தரை அதிர்ந்தது, பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடதடத்து ஓட ஆரம்பித்ததும் அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு கொப்புளத்தின் நடுவில் குத்தினாள்.

செக்கிங் யூனிட் போடுவதற்கு முன்னால் கோகிலவாணி கம்பெனியில் தையல் மிஷின்களுக்கு நடுவில் நின்று வேலை பார்த்தவள். நூறு மிஷின் ஓடுகிற கூடத்தில் அடுத்த வரிசைக்காரி முணுமுணுப்பதைப் பிடித்துப் பதில் சொல்லிப் பழகிய காது அது, எந்தச் சத்தத்துக்குள்ளும் மனிதக் குரல் அதற்குத் தனியாகக் கேட்கும். இத்தனை பெட்டிகளின் தடதடப்புக்கு நடுவில் அக்காவின் குரல் அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. "இவ எனக்குக் கீழயே இருந்து தொலைச்சிருக்கக் கூடாதா" என்றது.

கடைசிப் பெட்டி போனது. அக்கா கண்ணைத் திறந்து முதலில் கண்ணாடியைப் பார்த்தாள், அங்கே ஒன்றும் இல்லை. பிறகு தங்கையைப் பார்த்தாள்.

"கேட்டுச்சா?" என்றாள்.

"இந்த ரயில் சத்தத்துல என்னத்தக்கா கேக்கும்" என்றாள் கோகிலவாணி. "ஒண்ணும் கேக்கல."

அக்கா பெருமூச்சு விட்டுச் சீட்டில் சாய்ந்து, சின்னப் பிள்ளை போலச் சிரித்தாள். கேட் மெதுவாக மேலே ஏறியது. கோகிலவாணி எச்சிலை விழுங்குவதைப் போல அந்த வாக்கியத்தை விழுங்கினாள், கொஞ்சம் வலித்தது. கண்ணாடியில் ஃபிலிம் எப்போதோ காய்ந்துவிட்டிருந்தது, அவள் விழுங்கியது போய் ஒட்டிக்கொள்ள எங்கேயும் ஈரம் இல்லை.